ஸ்டெஃபைலோகாக்கஸ் தொற்று: மாட்டு மடி முதல் நாயின் தோல் வரை, படிப்படியாக

நாயின் வயிற்றில் கொப்புளங்கள். மாத்திரை கொடுத்தால் மறைகின்றன, இரண்டு மாதத்தில் மறுபடி கிளம்புகின்றன. பசுவுக்கு மடிநோய். காம்பு வழியாக மருந்து ஏற்றியதும் பால் தெளிகிறது, அடுத்த மாதம் அதே காம்பில் பால் திரிதிரியாக வருகிறது. இரண்டிலும் "மருந்து சரியில்லை, இதைவிட வீரியமானது வேண்டும்" என்பதுதான் முதலில் எழும் பேச்சு. பெரும்பாலும் கோளாறு மருந்தில் இல்லை.

ஸ்டெஃபைலோகாக்கஸ், சுருக்கமாக ஸ்டெஃப், ஆரோக்கியமான விலங்கின் தோலிலும் மூக்கிலும் ஆசனவாய் ஓரத்திலும் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும் கிருமி. அது நோயாக மாற ஏதோ ஒன்று அதற்கு வழி திறந்துவிட வேண்டும்: தெள்ளுப்பூச்சி கடித்துச் சொறிந்த தோல், கறவை இயந்திரம் சிதைத்த காம்பு நுனி, கம்பித் தரையில் தேய்ந்த பாதம், குட்டிகள் சண்டையில் கீறிக்கொண்ட முகம். அந்த வழியைக் கண்டுபிடித்து அடைக்காமல் கிருமியை மட்டும் அடித்தால் அது திரும்பத்தான் வரும். இந்த வழிகாட்டியில் மருந்தைவிட அந்த வழிகளைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். மருந்தின் பெயரும் அளவும் நாளும் விலங்கைப் பார்த்த கால்நடை மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை.

எந்த ஸ்டெஃப் என்று கேளுங்கள்

மாடு, ஆடு, முயல், கோழி, குதிரை ஆகியவற்றில் பெரும்பாலும் சிக்கல் தருவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். நாயின் தோல், காது, சிறுநீர்ப்பை என்றால் ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ். 2005-இல்தான் இது தனி இனமாக விவரிக்கப்பட்டது. பழைய ஆய்வக அறிக்கைகளில் இன்டர்மீடியஸ் என்று இருக்கும். பன்றிக்குட்டிகளின் தோலைப் பதம் பார்ப்பது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஹையிகஸ். இவை போக, கோயாகுலேஸ் நெகட்டிவ் (இரத்தத் திரவத்தை உறையவைக்கும் கோயாகுலேஸ் நொதியைச் சுரக்காதவை) என்று அறிக்கையில் வரும் பெரிய கூட்டம் ஒன்று உண்டு. பசுவின் பாலில் அவை பெரும்பாலும் லேசான தொற்றாக இருக்கும், பல சமயம் தானாகவே போய்விடும். நாயின் தோலில் எடுத்த மாதிரியில் வந்தால், அநேகமாக மேல்தோலிலிருந்து குச்சியில் ஒட்டிக்கொண்டவை. "ஸ்டெஃப் வளர்ந்தது" என்ற ஒற்றை வரியை நம்பி மருந்தைத் தொடங்க வேண்டாம்.

மாதிரி முதலில், மருந்து பிறகு

ஆன்டிபயாடிக் உள்ளே போனபின் எடுத்த மாதிரியில் கிருமி வளராமல் போகலாம். நோய் மட்டும் இருக்கும். ஏற்கெனவே மருந்து தொடங்கிவிட்டால் அதன் பெயரையும் நாளையும் ஆய்வகப் படிவத்தில் எழுதிக் கொடுங்கள்.

தோலில் உடையாத சீழ்க்கொப்புளம் கிடைத்தால் அதைவிட நல்ல மாதிரி இல்லை. அதன் மேல் ஸ்பிரிட் தடவாதீர்கள். கிருமிநீக்கிய ஊசியால் மெல்லக் குத்தி, வரும் துளி சீழைக் குச்சியில் எடுங்கள். கொப்புளம் இல்லையென்றால் பொருக்கின் ஓரத்தைத் தூக்கி அதன் அடியிலுள்ள ஈரத்தைத் தொட்டு எடுங்கள். அதே இடத்தில் ஒரு கண்ணாடித் தகட்டையும் அழுத்தி எடுத்துச் சாயமேற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளணுக்களின் உள்ளே உருண்டைக் கிருமிகள் தெரிந்தால் அது உண்மையான தொற்று. அணுக்களே இல்லாமல் கிருமி மட்டும் சிதறிக் கிடந்தால் அது தோலின் இயல்பான குடியிருப்பாகவும் இருக்கலாம். சில நிமிட வேலை; பல நாள் மாத்திரையை இது மிச்சப்படுத்தும்.

பசு: மடிக்குள் ஒளிந்திருக்கும் தொற்று

மடிநோய் தரும் கிருமிகளில் ஸ்டெஃப் ஆரியஸ் பிடிவாதமானது. மடித்திசுவில் சிறு சீழ்க்கட்டிகளை உண்டாக்கி, அவற்றைச் சுற்றி வடுத்திசு சூழ உட்கார்ந்துகொள்ளும். அணுக்களுக்குள்ளும் புகுந்து பிழைக்கும். மருந்து அங்கே போதிய அளவில் போய்ச் சேர்வதில்லை. பல மாடுகளில் மடி வீங்காது, பாலும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், கறவை மட்டும் குறையும். ஒரு மாட்டின் பாலில் மில்லிலிட்டருக்கு 2,00,000-க்கு மேல் உடலணுக்கள் (தொற்றின்போது பெரும்பாலும் வெள்ளணுக்கள்) இருந்தால் மடியில் தொற்று இருப்பதாகச் சந்தேகிக்க வேண்டும்.

தொழுவத்திலேயே தெரிந்துகொள்ள கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை போதும். நான்கு குழித் தட்டில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் சுமார் 2 மில்லி பால், அதே அளவு சோதனைத் திரவம். தட்டை வட்டமாகச் சுழற்றி 20 விநாடிக்குள் முடிவைப் பாருங்கள், அதற்குப் பிறகு அது கலைந்துவிடும். கலவை இழையாகக் கெட்டிப்பட்டால் அந்தக் காம்பில் அணுக்கள் அதிகம். திரவம் கிடைக்காத இடத்தில் 3 சதவீதச் சலவைத்தூள் கரைசல், அதாவது 100 மில்லி தண்ணீரில் 3 கிராம், ஓரளவு அதே வேலையைச் செய்யும். கன்று ஈன்ற முதல் சில நாள்களிலும், பால் வற்றப்போகும் கடைசி நாள்களிலும் நல்ல மடியே கெட்டிப்படும், அப்போது ஏமாந்துவிடக் கூடாது. இந்தச் சோதனை எந்தக் கிருமி என்று சொல்லாது. அதற்குப் பால் மாதிரி எடுக்க வேண்டும்:

1. காம்புகளைத் துடைத்து உலர்த்துங்கள். முதல் மூன்று நான்கு பீய்ச்சலைக் கறுப்புத் தளமுள்ள கிண்ணத்தில் விட்டுத் திரி இருக்கிறதா பாருங்கள். இதை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டாம்.
2. 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைத் தேயுங்கள், பஞ்சில் அழுக்கு ஏறாதவரை. உங்களுக்கு எட்டத்தில் உள்ள காம்புகள் முதலில், கிட்டத்தில் உள்ளவை பிறகு.
3. பால் எடுக்கும்போது வரிசை தலைகீழ்: கிட்டத்தில் உள்ளவை முதலில். அப்போதுதான் துடைத்த காம்பின் மேல் கை உரசாது.
4. குழாயைச் சாய்த்துப் பிடியுங்கள். மூடியின் உட்புறம் கீழே பார்க்கட்டும். 3 முதல் 5 மில்லி போதும். குழாயின் வாய் காம்பில் படக் கூடாது.
5. உடனே பனிக்கட்டியில் வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேராது என்றால் உறையவையுங்கள். ஸ்டெஃப் ஆரியஸ் உறைநிலையைத் தாங்கும்.

இந்தக் கிருமி பாலில் விட்டு விட்டுத்தான் வெளிவரும். அதனால் ஒரு மாதிரியில் இல்லை என்று வந்ததும் மாட்டுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள். அணு எண்ணிக்கை கூடுதலாகவே இருந்தால் இன்னும் இரண்டு முறை அனுப்புங்கள்.

உறுதியானால் என்ன செய்வது? எல்லா மாட்டுக்கும் ஒரே பதில் கிடையாது. முதல் ஈற்று, தொற்று புதிது, ஒரே காம்பு, முன்மடி, அணு எண்ணிக்கை அதிகம் ஏறவில்லை, கிருமி பென்சிலினுக்குக் கட்டுப்படுகிறது என்றால் சிகிச்சைக்கு அர்த்தம் உண்டு. வழக்கத்தைவிட நீட்டித்த நாள்களுக்கு மருந்து தர மருத்துவர் சொல்லலாம். பல ஈற்று கண்ட மாடு, இரண்டு மூன்று காம்பு, பின்மடியில் கல்லுக்கட்டி, மாதக்கணக்கான தொற்று என்றால் மருந்துச் செலவும் கொட்டும் பாலும்தான் மிஞ்சும். அந்த மாட்டைக் கடைசியில் கறப்பதும், மந்தையிலிருந்து கழிப்பதுமே மிச்சமுள்ள வழிகள். கசப்பான முடிவுதான். ஆனால் ஒரு மாட்டைக் காப்பாற்றப் போய் அதன் அருகே நிற்கும் ஐந்துக்குப் பரப்பிவிடுவது அதைவிடக் கசப்பு.

பரவுவது கறக்கும் நேரத்தில்தான். ஆகவே கறவையை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். முதலில் முதல் ஈற்றுக் கிடேரிகள், பிறகு ஆரோக்கியமான மாடுகள், கடைசியில் தொற்றுள்ளவை. கையுறை அணியுங்கள், கையில் வெடிப்போ புண்ணோ உள்ளவருக்கு இது கட்டாயம். மாட்டுக்கு ஒரு துணி. ஒரே துணியை வாளியில் அலசி அலசி எல்லா மடியையும் துடைப்பது கிருமியை வரிசையாகப் பரிமாறுவதற்குச் சமம். இயந்திரத்தின் ரப்பர் உறை சுமார் 2,500 கறவைக்கு மேல் உழைத்தால் வெடிக்கும், வெடிப்புக்குள் கிருமி தங்கும். கறக்கும்போது உறை நழுவிக் காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் அலட்சியம் வேண்டாம். அந்த நொடியில் பால் துளிகள் வேகமாகப் பின்னால் பாய்ந்து பக்கத்துக் காம்பின் துளைக்குள் மோதுகின்றன. பால் நின்றபின்னும் இயந்திரத்தை மாட்டியே வைத்திருந்தால் காம்பு நுனி தடித்துச் சொரசொரப்பாகும், அங்கே ஸ்டெஃப் குடியேறும்.

கறந்து முடித்ததும் 0.5 முதல் 1 சதவீத அயோடின் மருந்தில் காம்பை முழுவதும் முக்குங்கள். நுனியில் மட்டும் தொட்டு எடுப்பது முக்குவதில் சேராது. பிறகு தீவனம் போட்டு அரை மணி நேரமாவது மாட்டை நிற்கவையுங்கள். காம்புத் துளை மூடிக்கொள்ள நேரம் வேண்டும்.

வற்றுக்காலம், அதாவது அடுத்த கன்று ஈனுமுன் கறவையை நிறுத்தும் காலம், நல்ல வாய்ப்பு. மருத்துவர் வற்றுக்கால மருந்து தந்தால், மடியைக் காலியாகக் கறந்து, ஒவ்வொரு காம்பு நுனியையும் ஆல்கஹாலால் துடைத்து, மருந்துக் குழலின் முனையைச் சுமார் 3 மில்லிமீட்டர் மட்டும் நுழைத்து அழுத்துங்கள். முனை முழுவதையும் உள்ளே திணித்தால் காம்புத் துளையின் காப்புப் பூச்சு உரிந்து, நுனியில் இருந்த கிருமி மடிக்குள் தள்ளப்படும். மருந்து போட்டதும் காம்பை முக்கி எடுங்கள்.

இன்னும் இரண்டு வழிகளைப் பலர் கவனிப்பதில்லை. காம்பு நுனியைக் கடிக்கும் கொம்பு ஈக்கள் கன்றே ஈனாத கிடேரிக்கும் ஸ்டெஃபைக் கொண்டு சேர்க்கும். நோயுள்ள மாட்டின் பாலைக் கிடேரிக் கன்றுகளுக்கு ஊட்டுவதும், அவை ஒன்றையொன்று சப்பவிடுவதும் அதே வேலையைச் செய்யும். மந்தைக்கு மாடு வாங்கும்போது நான்கு காம்புப் பாலையும் சோதித்த பிறகே உள்ளே விடுங்கள்.

ஆடுகளில்: காத்திருக்க முடியாத மடிநோய்

ஆட்டிலும் செம்மறியிலும் ஸ்டெஃப் ஆரியஸ் சில சமயம் அழுகல் மடிநோயாக வரும். கிருமியின் நஞ்சு இரத்தக் குழாய்களைத் தாக்கி மடிக்கு இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். முதலில் ஆடு ஒரு பின்காலை இழுத்து நடக்கும், குட்டியை ஊட்டவிடாது. மடி சூடாகிச் சிவக்கும். சில மணி நேரத்தில் அதே மடி குளிர்ந்து, நீலம் பாய்ந்து, கறுக்கத் தொடங்கும். பாலுக்குப் பதில் சிவந்த நீர் வரும். மடியைத் தொட்டு அது குளிர்ந்திருந்தால் அன்றே, அந்த மணி நேரமே மருத்துவரை அழையுங்கள். இங்கே காப்பாற்ற வேண்டியது மடியை அல்ல, ஆட்டின் உயிரை. ஊசி மருந்து, வலிநிவாரணி, நீர்ச்சத்து மூன்றும் தேவைப்படும். பிழைத்தால் அந்தப் பக்க மடி பெரும்பாலும் கழன்று விழும். குட்டிகளுக்கு வேறு பால் ஏற்பாடு செய்யுங்கள்.

மடியின் மேல்தோலில் மட்டும் சிறு சீழ்ப்பொட்டுகள் வந்தால் அது எளிதான வடிவம். கிருமிநாசினியால் கழுவி உலர்த்தி, அந்த ஆட்டைக் கடைசியில் கறந்தால் போதும். கறப்பவர் விரலிலும் அது ஒட்டும். செம்மறிகளின் கண்ணைச் சுற்றிப் பொருக்குப் புண்கள் வரிசையாகக் கிளம்பினால் தீவனத் தொட்டியைப் பாருங்கள்: இடம் போதாமல் தலையை முட்டிக்கொள்வதால் வந்த கீறல்களாக இருக்கும். தொட்டியின் நீளத்தைக் கூட்டுவதும் அங்கே மருத்துவம்தான்.

பன்றிக்குட்டிகள்

பெரும்பாலும் பிறந்த முதல் வாரம் முதல் ஐந்தாறு வாரம் வரையுள்ள குட்டிகளில் ஹையிகஸ் தொற்று காது, கண், வாய் ஓரத்தில் கரும்பழுப்புப் பொட்டுகளாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உடல் முழுவதும் எண்ணெய்ப் பசையும் அழுக்குப் பொருக்குமாக மூடும். சொறிச்சல் இருக்காது. சொறிந்தால் சொறிப்பூச்சியைச் சந்தேகியுங்கள். ஹையிகஸின் நஞ்சு தோல் செல்களின் பிணைப்பை அறுப்பதால் தோல் வழியே நீர் ஒழுகி, குட்டி வறண்டு சாகும். பொட்டுகள் ஒன்றிரண்டு இருக்கும்போதே கிருமிநாசினிக் குளியலும் ஊசியும் தொடங்கினால் பிழைக்கும். உடல் முழுவதும் மூடியபின் பிழைத்தாலும் வளர்ச்சி தேங்கும். குடிநீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். நுழைவழியோ கூரிய ஊசிப்பற்கள், முரட்டுத் தரை, வெவ்வேறு ஈற்றுக் குட்டிகளைக் கலந்ததால் வந்த சண்டை. தாய்ப்பன்றியைக் கழுவிய பிறகே ஈற்றுக் கூண்டில் விடுங்கள்.

கோழியும் முயலும்: பாதத்தில் தொடங்குவது

கோழியின் உள்ளங்காலில் நடுவே கறுப்புப் பொருக்கும் அடியில் கெட்டியான வீக்கமும் இருந்தால் பாதச்சீழ். பறவையின் சீழ் நீர்த்து ஒழுகாது, பாலாடைக்கட்டி பதத்தில் இறுகிக் கிடக்கும். அதனால் குத்திப் பிழிந்தால் ஒன்றும் வராது, கிருமிதான் தசைநாணுக்குள் இறங்கும். தொடக்க நிலையில் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, இளந்தேநீர் நிறத்துக்கு நீர்த்த போவிடோன் அயோடினால் கழுவி, மெத்தென்ற கட்டுப் போட்டு, உலர்ந்த தரையில் விட்டால் ஆறும். வீக்கம் ஆழமாக இருந்தாலோ, கணுக்கால் மூட்டு சூடாக வீங்கியிருந்தாலோ, மயக்கம் கொடுத்துத் தோண்டி எடுக்க வேண்டியது மருத்துவர். அதோடு உட்காரும் கம்பின் கூர்முனையைத் தேய்த்து உருட்டி, உயரத்தைக் குறையுங்கள். கனத்த கோழி உயரத்திலிருந்து குதிப்பதுதான் பல பாதங்களின் கதை.

முயலில் குதிகால் புண், பாலூட்டும் தாயின் நீலம் பாய்ந்த மடி, தோலடிச் சீழ்க்கட்டி ஆகிய மூன்று வடிவங்கள். குதிகால் புண்ணுக்குக் கம்பித் தரையை மாற்றி, உலர்ந்த வைக்கோல் பரப்பி, எடையைக் குறைப்பது முதல் சிகிச்சை. இங்கே ஓர் எச்சரிக்கை: நாய்க்கோ மனிதருக்கோ வாங்கி மிச்சமிருக்கும் அமாக்சிசிலினையோ கிளிண்டமைசினையோ முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள். குடலின் நல்ல கிருமிகள் செத்து, நஞ்சு பெருகி, முயல் சில நாளில் இறந்துவிடும்.

நாய்: கொப்புளத்துக்குப் பின்னால் இருப்பது

வயிறு, தொடை இடுக்கு, அக்குளில் சிவந்த பருக்களும் சிறு சீழ்க்கொப்புளங்களும் வரும். கொப்புளம் உடைந்ததும் ஓரம் மட்டும் உரிந்து வட்டமாகப் பரவும். இந்த வட்டத்தைப் படர்தாமரை என்று எண்ணிப் பூஞ்சைக் களிம்பு தடவி வாரங்களைக் கழிப்பவர்கள் ஏராளம்.

முதல் வேலை, கண்ணாடித் தகட்டுப் பரிசோதனையோடு தோலைச் சுரண்டி, முடிக்குழிகளில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி உண்டா என்று பார்ப்பது. இதைப் பார்க்காமல் அரிப்புக்கு ஸ்டீராய்டு போட்டால் அரிப்பு அடங்கும், பூச்சி பெருகும், தொற்று ஆழமாக இறங்கும்.

மேலோட்டமான தொற்றுக்குக் குளியலே மருந்து. 2 முதல் 4 சதவீதக் குளோர்ஹெக்சிடின் ஷாம்பு, வாரம் இரண்டு மூன்று முறை. நீண்ட முடியை வெட்டிவிடுங்கள். வெதுவெதுப்பைவிடச் சற்றுக் குளிர்ந்த நீரில் நனைத்து, நுரை தோலைத் தொடும்வரை தேய்த்து, அதன்பின் கடிகாரம் பார்த்து 10 நிமிடம். குளியல் பலிக்கவில்லை என்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் பத்து நிமிடத்தை இரண்டு நிமிடமாக்கியவர்கள்தான். நுரை கண்ணிலும் காதுக்குள்ளும் போகக் கூடாது. நன்றாக அலசி, விரலிடுக்கை உலர்த்துங்கள். இதற்கு முன் சாதாரணச் சோப்புப் போட்டால் மிச்சமுள்ள சோப்பு குளோர்ஹெக்சிடினைச் செயலிழக்கச் செய்யும். ஆறாமல் திறந்திருக்கும் காயத்துக்கு ஷாம்பு வேண்டாம். 2 சதவீதக் கரைசலில் 25 மில்லியை எடுத்து நீர் சேர்த்து 1 லிட்டராக்கினால் 0.05 சதவீதம் கிடைக்கும், கழுவ அதுவே போதும்.

உடல் முழுவதும் பரவியிருந்தாலோ, கட்டி, சீழ்த்துளை, வலி என்று ஆழமாகப் போயிருந்தாலோதான் மாத்திரை. மேல்தோல் என்றால் இரண்டு வாரம், ஆழம் என்றால் மூன்று வாரம் ஆகும்போது, மாத்திரை தீருவதற்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குள்ளும் புதுக் கொப்புளங்கள் வந்தால் மருந்தை மாற்றும் முன் கிருமி வளர்ப்புச் சோதனை செய்தாக வேண்டும்.

பிறகு மூலகாரணம். தெள்ளுப்பூச்சி என்றால் வீட்டிலுள்ள எல்லா விலங்குக்கும், விடாமல் மூன்று மாதமாவது மருந்து. கூட்டுப்புழுக்கள் தரையிலும் விரிப்பிலும் ஒளிந்திருந்து பின்னால் வெளிவரும். பூனை உள்ள வீட்டில் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனையின் மேல் போடவே கூடாது, உயிரை எடுத்துவிடும். பினாயில் வகைக் கிருமிநாசினிகளும் தேயிலை மர எண்ணெயும் பூனைக்கு நஞ்சு. பூச்சி இல்லையென்றால் ஒவ்வாமை; உணவு ஒவ்வாமையைக் கண்டறிய குறைந்தது எட்டு வாரம் ஒரே தேர்ந்த உணவு, இடையில் தின்பண்டம் கிடையாது. வயதான நாயில் அரிப்பே இல்லாமல் கொப்புளம் திரும்பத் திரும்ப வந்தால் தைராய்டையும் அட்ரினல் சுரப்பியையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

காதில் சீழ் என்றால் செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் ஊற்றாதீர்கள். கிழிந்த பறை வழியே குளோர்ஹெக்சிடின் போனால் கேட்கும் திறன் போகலாம். சிறுநீர்ப்பையில் தங்கும் ஸ்டெஃப் யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்கும், நாயில் ஸ்ட்ரூவைட் என்ற சிறுநீர்க் கல் உருவாவது பெரும்பாலும் இதனால். காய்ச்சலும் முதுகு வலியும் சேர்ந்து வந்தால் முதுகெலும்பு இடைத்தட்டுத் தொற்றையும் நினைவில் வைக்க வேண்டும்.

கிருமியின் மருந்து எதிர்ப்பு அறிக்கையைப் படிப்பது

ஆக்சசிலினுக்கோ மெத்திசிலினுக்கோ எதிர்ப்பு என்று இருந்தால், விலங்குகளுக்குப் பயன்படும் பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகள் எதுவும் பலிக்காது. அதே தாளில் செஃபலெக்சினுக்கு நேரே "கட்டுப்படும்" என்று அச்சாகியிருந்தாலும் நம்பாதீர்கள். சூடின்டர்மீடியஸுக்கு ஆக்சசிலின் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். ஆரியஸுக்குப் பயன்படும் செஃபாக்சிடின் தட்டு இதில் ஏமாற்றும். எரித்ரோமைசினுக்கு எதிர்ப்பு, கிளிண்டமைசினுக்குக் கட்டுப்படும் என்று வந்தால் மறைந்திருக்கும் கிளிண்டமைசின் எதிர்ப்பைக் காட்டும் டி-சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லையென்றால் மருந்து தொடங்கிய பாதியில் எதிர்ப்பு வெளிப்படலாம்.

எதிர்ப்புள்ள கிருமி என்றாலே வீரியம் அதிகம் என்று பொருளில்லை. மருந்துத் தேர்வு சுருங்கியது, அவ்வளவுதான். குளோர்ஹெக்சிடின் குளியல் அதற்கும் பெரும்பாலும் வேலை செய்யும்.

மனிதருக்கு எவ்வளவு கவலை?

நாய் பூனைகளில் காணும் மெத்திசிலின் எதிர்ப்பு ஆரியஸ் பல சமயம் வீட்டு மனிதரிடமிருந்தே போனது. பன்றிகளில் பரவிய, சிசி398 என்ற அதன் மரபுவகையை 2000-களின் முற்பகுதியில் நெதர்லாந்தில் கண்டறிந்தார்கள். பண்ணைத் தொழிலாளர் மூக்கிலும் அது தங்கும். அறுவைச் சிகிச்சைக்குப் போகும் பண்ணையாளர் தம் தொழிலை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். விலங்கைத் தொட்டபின் கை கழுவுவது, புண்ணை மூடிவைப்பது, நாய் தம் புண்ணை நக்கவிடாமலிருப்பது, படுக்கைத் துணியைச் சூடான நீரில் துவைத்து முழுதாக உலர்த்துவது: இவை போதும். நோயில்லாத வளர்ப்பு விலங்கின் மூக்கிலிருந்து கிருமியை ஒழிக்க மருந்து கொடுப்பது வீண். பல விலங்குகளில் அது தானாகவே போய்விடும்.

பாலில் மட்டும் கண்டிப்பு தேவை. தொற்றுள்ள மடியின் பாலோ, கறப்பவரின் விரல் புண்ணிலிருந்து கிருமி சேர்ந்த பாலோ அறை வெப்பத்தில் கிடந்தால் ஸ்டெஃப் பெருகிக் குடல்நஞ்சைச் சுரக்கும். காய்ச்சினால் கிருமி சாகும், நஞ்சு அழியாது. குடித்தவருக்கு அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் கடும் வாந்தி வரும். கறந்த இரண்டு மணி நேரத்துக்குள் பாலை 4 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வியுங்கள். திரிந்த பாலையும், மருந்து பாலிலிருந்து விலகும் காலம் முடியாத பாலையும் பொதுப் பாத்திரத்தில் சேர்க்காதீர்கள். அந்தக் காலம் மருந்தோடு வரும் சீட்டிலேயே அச்சாகியிருக்கும். சிகிச்சையை மருத்துவர் நீட்டித்திருந்தால் சீட்டிலுள்ள கணக்குப் போதாது, புதிய கணக்கை அவரிடமே கேட்டு மாட்டின் பதிவேட்டில் குறித்துவையுங்கள்.